முன்பக்கம் காலி

கல்தோட்டா,
ஹொன்னாவர் தாலுகா.
14.1.1997

நீரு,

சங்கராந்தியும் அதுவுமாக யாரையும் திட்டக் கூடாது என்பாள் அம்மா. அதற்காகக் காலையில் எழுத உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்று போன மாதம் தந்தி கொடுத்தாயே, அது கிடைத்ததும் நான் என்ன பாடு பட்டேன் என்று உனக்குத் தெரியுமா? கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு மீன் லாரியில் தொற்றிக்கொண்டு, பதினாறு மணி நேரம் பயணம். வழி பூராவும் அம்மாவிடம் கடைசியாக என்ன பேசினேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தொம்மலூரில் வந்து கதவைத் தட்டினால் திறந்தது அம்மா. இடுப்பில் முறம், முறம் நிறைய அவரைக்காய். "என்னடா, மீன் நாத்தத்தோட வந்து நிக்கறே? போய்க் குளி முதல்ல" என்றாள். பின்னாலேயே நீ வந்தாய், இன்டர்வியூ லெட்டரோடு. ஹோசூர் ரோடு கம்பெனி, மறுநாள் பத்து மணி. எனக்கு இஸ்திரி போட்ட சட்டைகூடத் தயாராக இருந்தது.

விமானத் தொழிற்சாலை வேலையை நாற்பத்து நான்கு வயதில் நான் விட்டது பைத்தியக்காரத்தனம் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். ஆனால் பெற்ற தாயைப் படுக்கையில் போட்டுப் பொய் சொல்ல எப்படி மனசு வந்தது? இனிமேல் உன்னிடமிருந்து வரும் எந்தத் தந்தியையும் நான் நம்பப்போவதில்லை. இது சத்தியம்.

இங்கே காரியங்கள் நன்றாகவே நடக்கின்றன. நம் ஷெட்டில் ஒன்பது மாதம் உட்கார்ந்து நான் கட்டிய கயாக் படகைப் பார்த்து முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கு அடி நீளம், ஓர் ஆள் காலை நீட்டி உட்கார மட்டும் இடம், பச்சைப் பெயின்ட். "தொண்டேகாயி" என்று பெயரும் வைத்துவிட்டார்கள், அதாவது நம்மூர்க் கோவைக்காய். பாயை ஏற்றிக் கடலில் ஒரு சுற்று வந்து காட்டியதும் சிரிப்பு நின்றது. எனக்குச் சோறு போடும் சந்திரம்மாவின் வீட்டுக்காரர் நாராயணர்தான் இந்தக் கடலின் காற்றைச் சொல்லிக்கொடுக்கிறார். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும், அதில் போக வேண்டும். பத்தரை பதினொன்றுக்கு அது செத்துவிடும். ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். பிறகு கடலிலிருந்து கரைக்கு வீசும், அதில் திரும்ப வேண்டும். அல்சூர் ஏரியில் நாம் ஓட்டியதெல்லாம் விளையாட்டு.

ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பரீட்சை. இங்கே ரிசார்ட் கட்டப்போகும் மங்களூர்க்காரர் ஒருவர் கரையில் நின்று பார்க்கப்போகிறார். பாயிலேயே போய், ஒரு நாள் மீன் பிடித்து, பாயிலேயே திரும்பிக் காட்டினால் ஆறு படகுக்கு ஆர்டர். முட்டைகூட நுழையாத வீட்டுப் பிள்ளை மீன் பிடிக்கிறான் என்று நீ சிரிப்பாய். பிடிப்பதற்குத் தின்ன வேண்டும் என்று சட்டமில்லை.

படகில் ஒரே ஒரு குறை. பாய்மரத்தின் அடியில் லேசாக ஒழுகுகிறது, தண்ணீர் முன் அறைக்குள் இறங்குகிறது. இறங்கினால் என்ன, அந்த அறை முழுக்க நீ தெர்மோகோலை அடைத்து ஒட்டி வைத்திருக்கிறாயே, தண்ணீருக்கு இடம் ஏது? எனக்கு அம்மை போட்டிருந்தபோது நீ செய்து முடித்த அந்த ஒரு வேலையை நினைத்துத்தான் உன்னை முழுசாகத் திட்ட முடியாமல் இருக்கிறேன்.

நீ பையில் திணித்த காற்றுத் தலையணையைப் படகில் ஆசனமாகப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் தூங்கத்தான் தந்தாய் என்று தெரியும்.

ரங்கா


தொம்மலூர்,
18.1.1997

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'படுக்கையில் போட்டு' என்ற இடத்தில் அவளுக்கு ஒரே சிரிப்பு. அந்தத் தந்தியின் வாசகம் அம்மாவுடையது. தபாலாபீசுக்கு நடந்தது மட்டும்தான் நான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நீ ஒரேயடியாக என்னையே வில்லியாக்குவதால் போட்டு உடைக்கிறேன்.

தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ மூன்று மாதத்தில் எழுதியது இரண்டே கார்டு. அதில் ஒன்றில் பெயின்ட் விலை மட்டும் இருந்தது. பதில் போடாத ஆளை வேறு எப்படி வரவழைப்பது? உன் தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்தவர்கள் மார்க்கெட்டில் பார்த்து "ரங்கா எப்படி இருக்கான்?" என்று கேட்டால் நான் புடலங்காய் பொறுக்குவதுபோலக் குனிந்துகொள்கிறேன். நன்றாக இருக்கிறான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியாதே.

அம்மாவுக்கு 22ஆம் தேதி கண்ணில் காடராக்ட் ஆபரேஷன். உன்னை வரச் சொல்லவில்லை, பயப்படாதே. இரண்டு மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும், ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கடலுக்குப் போவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நன்றாக நடக்கட்டும். ஆறு படகுக்கு ஆர்டர் வந்தால் ஷெட்டைப் பெருக்கி வைக்க வேண்டும், இப்போது எலிகள் குடியிருக்கின்றன.

நீரு


தொம்மலூர்,
21.1.1997, செவ்வாய், பகல் 12 மணி

அண்ணா,

இதைப் படிக்கும்போது நீ படகில் ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருந்தால் இறங்கு. மற்றதைப் பிறகு படி.

நேற்று ஷெட்டைப் பெருக்கினேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு பலகை கிடைத்தது. உன் படகின் முன் அறையை அடைத்த அன்று, கிண்ணத்தில் மீந்த ரெசின் பசையைக் கொண்டு ஒரு தெர்மோகோல் துண்டை அந்தப் பலகையில் ஒட்டி வைத்திருந்தேன், சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க. அப்புறம் மறந்தே போனேன். நேற்று பார்த்தால் பலகையில் பழுப்பாக ஒரு பொருக்கு மட்டும் இருக்கிறது. தெர்மோகோலைக் காணோம்.

நீ அம்மை போட்டுப் படுத்தபடியே என்னிடம் சொன்னது: "தெர்மோகோலுக்கு நீல டின் ரெசின் மட்டும்தான். வெள்ளை டிரம் பக்கமே போகாதே." நான் நீல டின்னைத்தான் எடுத்தேன். அதோடு வந்த, பசையை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும் என்று தெரியாமல் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டிக் கலக்கினேன். பத்து நிமிஷத்தில் டின் சுட்டது, புகைந்தது, கல்லாகப் போயிற்று. ஒரு டின்னை வீணாக்கியதைச் சொன்னால் நீ கத்துவாய். அந்த டின்னுக்காக நீ எத்தனை கடை ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். அதைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன். வெள்ளை டிரம்மிலிருந்து, படகின் உடம்புக்கு நீ பூசிய ரெசினை எடுத்து, தெர்மோகோல் துண்டுகளைக் காலடிச் சுவரின் வட்டத் திறப்பு வழியாக உள்ளே தள்ளி, மேலே தாராளமாக ஊற்றினேன். உடனே மூடியை வைத்து டேப் சுற்றிவிட்டேன். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. 'முடிஞ்சுதா?' என்று நீ கேட்டாய். 'ஜம்முனு முடிஞ்சுது' என்றேன்.

இன்று காலை ஒரு புதுத் துண்டை எடுத்து அதே டிரம்மிலிருந்து ஊற்றிப் பார்த்தேன். வெந்நீரில் போட்ட சர்க்கரை மாதிரி கண்ணெதிரே கரைந்துவிட்டது. அண்ணா, எதில் எது கரையும் என்று பத்தாம் கிளாஸ் பெண்களுக்குப் பதினைந்து வருஷமாகப் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான்.

முன் அறை காலி. பாய்மரத்தடியில் ஒழுகுகிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். தண்ணீருக்கு இடம் ஏது என்று கேட்டாயே, அறை முழுக்க இடம்தான்.

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தந்தியும் கொடுக்கிறேன். அவசரத்துக்கு என்று நீ கார்டில் எழுதிய அந்த ஊர்க் கடையின் நம்பருக்கு நேற்றிலிருந்து போன் போடுகிறேன், மணியே அடிக்கவில்லை. நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், என்னால் கிளம்பி வர முடியாது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். படகை மட்டும் இறக்காதே.

நீரு


கல்தோட்டா,
23.1.1997

நீரு,

நேற்று உன் தந்தி வந்தது. 'முன்பக்கம் காலி. கடலில் இறக்காதே. கடிதம் வருகிறது.' இன்று உன் 18ஆம் தேதிக் கடிதம் வந்தது. அதில் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், நன்றாக நடக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறாய். மூன்றே நாளில் என்ன புத்தி வந்தது உனக்கு? ஆளைச் சாகடித்துப் பார்த்தாய், நடக்கவில்லை. இப்போது படகைச் சாகடிக்கிறாயா?

பொய் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்லக் கூடாதா? முன் அறையை அடைத்தது நீ. ஜம்முனு முடிஞ்சுது என்றவளும் நீ. அது எப்படிக் காலியாகும், எலி தின்றதா? வாசகத்தை இந்தத் தடவையும் அம்மாதான் சொன்னாளா?

நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உனக்கு அதுதானே வேண்டும். மூடியைப் பிரித்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிரித்தால் மறுபடி அடைக்க இங்கே சாமான் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதைத்தான் நீ எதிர்பார்க்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

கடிதம் வருகிறதாமே, வரட்டும். படகைக் கடலில் இறக்கிய பிறகுதான் பிரிப்பேன். உன் கையெழுத்தில் எது வந்தாலும் அரிசி டப்பா மேல் போட்டு வைக்கும்படி சந்திரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் தனிக் கார்டில் எழுது.

ரங்கா


தொம்மலூர்,
26.1.1997, ஞாயிறு

அண்ணா,

உன் 23ஆம் தேதிக் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அரிசி டப்பா என்ற இடத்தைப் படித்ததும் இன்னொரு தந்தி கொடுக்க ஓடினேன், தபாலாபீசை மூடியிருந்தார்கள். இன்று குடியரசு தினம், ஞாயிறு, தபாலாபீஸ் திறக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

காலை மணி ஆறு. காற்று இப்போது கரையிலிருந்து வீசும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன். கண்ணில் பச்சைத் துணி போட்டுக்கொண்டு, "யாருக்குடி காலங்கார்த்தால எழுதறே?" என்கிறாள். அவளுக்குப் பேனாச் சத்தம் கேட்கிறது. ஸ்கூல் வேலை என்று பொய் சொன்னேன். எனக்குத்தான் பொய் நன்றாக வருகிறதே.

மணி ஒன்பது இருபது. கடை போன் கிடைத்துவிட்டது. ஆறு நாளாகச் செத்துக் கிடந்த போன் இன்று அடிக்கிறது. கடைக்காரர் எடுத்தார். கன்னடத்தில் கெஞ்சினேன், படகுக்காரர் ரங்காவைக் கூப்பிடுங்கள் என்று. "பெளிக்கேயே ஹோதரல்லம்மா" என்றார். விடிகாலையிலேயே போய்விட்டார் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? படகு அனுப்பித் தேடச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு. "மத்யான்னம் காளி பந்தரெ அவரே பர்த்தாரே." காற்று வந்தால் அவரே வருவாராம். கடிதம் கொடுத்தார்களா என்று கேட்டேன், அவருக்கு எதுவும் தெரியவில்லை.

பதினொன்று. இப்போது காற்று செத்திருக்கும்.

பன்னிரண்டரை. பக்கத்து வீட்டு மங்களம் மாமி அம்மாவைப் பார்க்க வந்தாள், அவரைக்காய் சாம்பார் கொண்டுவந்தாள். வாயில் வைக்க முடியவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனேன். நீ தரையில் போட்ட சாக்பீஸ் கோடு, படகின் உருவம், இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அதைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

மூன்று. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. கடையை மூடியிருப்பார்.

அண்ணா, எனக்கு உன் மேல் கோபமே இல்லை. தந்தியை நீ நம்பாததுகூட நியாயம்தான். நம்பாமலிருக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரு டின் ரெசினுக்காக நீ கத்தியிருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்போம், அவ்வளவுதானே? அந்தக் கத்தலுக்குப் பயந்து உன்னைக் காலியான படகில் அனுப்பிவிட்டேன். நாளைக்குக் காலையில் இதைத் தபாலில் போடுவேன். யார் பிரிப்பார்கள் என்று தெரியாமல் போடுகிறேன்.

நீரு


கல்தோட்டா,
27.1.1997

நீரு,

உயிரோடுதான் இருக்கிறேன். தந்தி முன்னால் வந்திருக்கும். இப்போது விவரம் எழுதுகிறேன். வலது கையைத் தூண்டில் நரம்பு அறுத்துவிட்டதால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன். மங்களூர்க்காரர் மடக்கு நாற்காலி போட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். சந்திரம்மா சாப்பாட்டைப் பாலிதீன் பையில் கட்டிக் காலடியில் வைத்தாள். கரைக்காற்று அருமையான காற்று. பாய் நிறைந்து போனேன். பின்னால் நரம்பை விட்டு, அதைச் சுற்றிய கட்டையைத் தொடையில் இறுக்கிக்கொண்டேன். எட்டரை இருக்கும், கட்டை தொடையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடியது. இருபது நிமிஷப் போராட்டம். வஞ்சிரம், என் கை நீளம். அதைப் பின்னால் போட்டுக் கட்டியபோது எனக்கிருந்த கர்வத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன்னைத்தான் நினைத்தேன், காட்டுகிறேன் உனக்கு என்று.

அதற்குப் பிறகு படகு சொன்னபடி கேட்கவில்லை. திருப்பினால் மெதுவாகத் திரும்பியது. மீனின் கனம் என்று நினைத்தேன். மீன் பின்னால் கிடக்கிறது, மூக்கு ஏன் இறங்குகிறது என்று யோசிக்கவில்லை. உன் தந்தியை நம்பக் கூடாது என்ற பிடிவாதத்தில் கண்ணால் பார்த்ததையும் நம்பவில்லை.

பதினொன்றுக்குக் காற்று நின்றது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. நாலு கிலோமீட்டராவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஒரு படகு இல்லை. சாப்பிடலாம் என்று பையைப் பிரித்தேன். அவல் பொட்டலத்தின் மேல் உன் ஸ்பீட் போஸ்ட் கவர். தங்கையின் கடிதம் அரிசி டப்பா மேல் கிடக்கலாமா என்று சந்திரம்மாவே வைத்திருக்கிறாள். படகைத்தான் இறக்கியாயிற்றே என்று பிரித்தேன்.

'ஏறியிருந்தால் இறங்கு' என்று எழுதியிருக்கிறாய். எங்கே இறங்க?

முதலில் உன்னைத் திட்டினேன், சத்தம் போட்டு, கடல் நடுவில். பிறகு பயம் வந்துவிட்டது. மத்தியானக் காற்று பின்னாலிருந்து அலையோடு தள்ளும். மூக்கு கனத்த படகு அப்போது குத்துக்கரணம் போடும். மிதக்கும் ஜாக்கெட் போட்டிருந்தேன். ஆனால் என் நீச்சலை நீ அல்சூரில் பார்த்திருக்கிறாய். காற்று வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

நீ சுற்றிய டேப்பைக் கத்தியால் அறுத்தேன். மூடியைத் திறந்ததும் தண்ணீர் என் காலுக்கு வந்தது. தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். ஒரு துண்டு தெர்மோகோல் இல்லை, அடியில் பொருக்கு மட்டும். சொம்பாலும் ஸ்பாஞ்சாலும் இறைத்தேன். படகு ஒரு பக்கமாகச் சாயும்போதெல்லாம் மூச்சை நிறுத்திக்கொண்டேன். இறைத்தாலும் மறுபடி ஒழுகும், தண்ணீருக்கு இடம் இல்லாதபடி அறைக்குள் எதையாவது அடைத்தாக வேண்டும். சுற்றிப் பார்த்தால் அவல், மீன், துடுப்பு. அப்போதுதான் என் அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது.

உன் காற்றுத் தலையணையின் காற்றைப் பிடுங்கினேன். சுருட்டித் திறப்பு வழியாக உள்ளே விட்டு, ஊதும் வாயை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்து ஊதினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தலை சுற்றியது. தலையணை உள்ளே விரிந்து சுவரை இடிப்பது கைக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்தபோது மேற்கே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது, காற்று வந்துகொண்டிருந்தது. பாயைப் பாதிதான் ஏற்றினேன். உடம்பைப் பின்னால் சாய்த்து, மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு தடவை மூக்கு அலைக்குள் போயிற்று. இரண்டு தடவையும் மேலே வந்தது.

இரண்டே முக்காலுக்குக் கரை. மங்களூர்க்காரர் எழுந்து கைதட்டினார். ஆறு படகு என்ன, எட்டாகவே செய்யுங்கள் என்றார். தலையாட்டியிருந்தால் போதும், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அவரைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து உள்ளே காட்டினேன். முன் அறை காலி, இதில் இன்று நான் செத்திருக்க வேண்டும் என்றேன். அவர் குனிந்து தலையணையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். "சரிபண்ணி இன்னொரு நாள் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, மீனை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று ராத்திரி உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீ டின்னை மறைத்தது என் கத்தலுக்குப் பயந்து. அது என் குறை. இதை எழுதுவதற்குள் நாலு காகிதம் கிழித்தாயிற்று.

ரங்கா


தொம்மலூர்,
30.1.1997

அண்ணா,

திங்கள்கிழமை சாயங்காலம் தந்திக்காரன் சைக்கிள் நம் வாசலில் நின்றது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பிரிக்க முடியவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வந்து, "என்னடி? யாரு?" என்றாள். வேறு வழியில்லாமல் முதல் வார்த்தையிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். டின், டிரம், படகு, எல்லாம். அவள் உறையை என் கையிலிருந்து வாங்கி, ஒரு கண்ணை மூடியபடியே கிழித்து, "படி" என்று நீட்டினாள்.

'படகு சீரியஸ். உடனே புறப்படு.'

எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாதான் முதலில் சிரித்தாள். "என் வாசகத்தையே எனக்குத் திருப்பி அனுப்பறான் பார், படவா" என்றாள்.

உன் நீளக் கடிதம் இன்றுதான் வந்தது. அதைப் படித்த பிறகுதான் புறப்பட வேண்டும் என்று நான் காத்திருக்கவில்லை. தந்தி வந்த அன்றே மங்களம் மாமியிடம் சொட்டு மருந்தை ஒப்படைத்து, சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். நீ கேட்டாயோ இல்லையோ, இரண்டு நீல டின் வாங்கியிருக்கிறேன். ஹார்ட்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க நீ பக்கத்தில் நின்று கத்த வேண்டும்.

நீரு